இத்தாலிய ஆப்பராவை வீழ்த்தியது பெக்கர்ஸ் ஆப்பராவா?

சுருதிபேதம் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டு வருடமாக, லண்டனில் வாழ்ந்த இசையமைப்பாளர் ஹேண்டலின் இத்தாலிய ஆப்பராக்களை, அதாவது முழுக்கப் பாடியே நடிக்கும் இசை நாடகங்களை, கேட்டு வருகிறேன். போன வாரம்தான் அவற்றைக் கேலி செய்த எதிர்முகாம் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஜான் கே எழுதிய ‘பெக்கர்ஸ் ஆப்பரா’, அதாவது பிச்சைக்காரனின் ஆப்பரா. நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு முழுப் பதிவையும் கேட்டேன். மூன்று நாளாக அந்தப் பாட்டுகள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

தெரியாதவர்களுக்குக் கதை: பீச்சம் திருட்டுப் பொருள்களை வாங்கி விற்பவன். திருடர்களை வைத்துத் தொழில் நடத்துவதும் அவன்தான். ஒருவனால் இனி வருமானம் இல்லை என்று தெரிந்ததும் காட்டிக்கொடுத்து, தலைக்கு 40 பவுண்டு அரசு வெகுமதி வாங்குவதும் அவன்தான். அவன் மகள் பாலி, மக்ஹீத் என்ற வழிப்பறிக்காரனை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பெற்றோருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்புறம் நிதானமாகக் கணக்குப் போடுகிறார்கள்: மாப்பிள்ளையைத் தூக்குக்கு அனுப்பினால் அவன் சொத்து மகளுக்கு, வெகுமதி நமக்கு. நியூகேட் சிறை அதிகாரி லாக்கிட்டின் மகள் லூசியும் அதே மக்ஹீத்தை நம்பி ஏமாந்தவள். இந்தக் கதைக்கு நடுவே 69 பாட்டுகள். எல்லாம் அன்று ஊரில் புழங்கிய மெட்டுகள். வார்த்தை மட்டும் புதிது.

என் கேள்வி இதுதான். எங்கே படித்தாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். 1728 ஜனவரி 29 அன்று லண்டனில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் இது மேடையேறியது. முதல் பருவத்திலேயே 62 முறை நடந்தது. அதே வருடம் கோடையில் ஹேண்டலின் இத்தாலிய ஆப்பராக் கம்பெனி மூடப்பட்டது. ஆகவே இது அதைக் கொன்றது. இவ்வளவு எளிமையான விஷயமா இது?


நாடகக்கொட்டகை எழுதியது:

வீழ்த்தியது என்றுதான் நான் சொல்வேன். அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஹேண்டலின் கம்பெனி நடத்திய ஹேமார்க்கெட் அரங்கில் இத்தாலிய ஆப்பரா பார்க்கக் கீழ்த்தளத்தில் உட்காரவே பாதி கினி, அதாவது பத்தரை ஷில்லிங். மேடையில் பாடுவது என்ன என்று பார்வையாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியாது. வாசலில் விற்கும் மொழிபெயர்ப்புப் புத்தகத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புரட்டிக்கொண்டு கேட்டார்கள். வீரர்கள், அரசர்கள் வேடத்தில் செனசினோ போன்ற காஸ்ட்ராட்டோக்கள். சிறு வயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டதால் உயர்ந்த குரல் மாறாத பாடகர்கள் அவர்கள். இதற்கு எதிரில், ஒரு ஷில்லிங் கொடுத்து மேல்மாடத்தில் உட்கார்ந்தவனுக்கும் சொந்த மொழியில், சொந்த மெட்டில், தன் தெருவில் தினம் பார்க்கிற மனிதர்களைக் காட்டுகிறது ஒரு நாடகம். எது நிற்கும்?

அதோடு ஜான் கே ஒவ்வொரு அடியையும் குறிபார்த்து அடித்திருக்கிறார். நாடகத்தின் ஆரம்பத்தில் அந்தப் பிச்சைக்காரனே வந்து பேசுகிறான். பெரிய ஆப்பராக்களில் வரும் உவமைகள் எல்லாம் என்னிடமும் உண்டு என்கிறான்: தைலான் குருவி, விட்டில், தேனீ, கப்பல், பூ. சிறைக் காட்சியும் உண்டு. ரெசிடேட்டிவ், அதாவது பேச்சையும் ராகமாக இழுக்கும் பகுதி, மட்டும் இல்லை. அதற்கு மன்னியுங்கள் என்கிறான். கதாநாயகிகள் இருவரையும் ஒரு மயிரிழைகூட ஏற்ற இறக்கம் இல்லாமல் நடத்தியிருக்கிறேன் என்று சொல்லும்போது அரங்கம் முழுக்கச் சிரித்திருக்கும். ஏனென்றால் அதற்கு முந்தைய ஜூன் மாதம்தான் குட்சோனி, ஃபாஸ்டினா என்ற இரண்டு இத்தாலியப் பாடகிகளின் கட்சிக்காரர்கள் இளவரசி கேரலைன் முன்னிலையிலேயே ஊளையிட்டுச் சீட்டியடித்து ஆப்பராவை நாசம் செய்திருந்தார்கள். சிறையில் பாலியும் லூசியும் மக்ஹீத்துக்காக மாறி மாறிப் பாடிச் சண்டை போடுகிறார்களே, அது இதுதான்.


பழையபேப்பர் எழுதியது:

கொட்டகை அண்ணன் சொன்ன உள்குத்துகள் எல்லாம் சரி. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1719இல் பிரபுக்கள் சேர்ந்து பங்கு போட்டு ஆரம்பித்த கம்பெனி அது. பெயர் ராயல் அகாதமி ஆஃப் மியூசிக். அரசர் வருடத்துக்கு 1000 பவுண்டு கொடுத்தார். அப்படியும் போதவில்லை. இத்தாலியிலிருந்து நட்சத்திரப் பாடகர்களை வரவழைக்க வாரி இறைத்தார்கள். பங்குதாரர்களிடம் மறுபடி மறுபடி பணம் கேட்டார்கள். பலர் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். 1727 ஜூன் 6 அன்று, அங்கே இசையமைத்த இன்னொருவரான போனோன்சினியின் ‘அஸ்தியானத்தே’யில் நடந்த அந்தக் கூச்சலோடு பருவமே பாதியில் நின்றது. பாடகிகள் மேடையிலேயே முடியைப் பிடித்துக்கொண்டதாகச் சிலர் எழுதுவது, பிறகு வந்த நையாண்டிப் பிரசுரங்களின் கைவண்ணம். கலாட்டா செய்தது பார்வையாளர்கள்தான். ஆக, பாலி மேடைக்கு வரும் முன்பே அந்த வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பெக்கர்ஸ் ஆப்பரா கூட்டத்தை இழுத்தது உண்மை. ஆனால் அது ஓடிக்கொண்டிருந்த அதே மாதங்களில் ஹேண்டல் ‘சிரோயே’, ‘தொலோமேயோ’ என்று இரண்டு புதிய ஆப்பராக்களை மேடையேற்றினார். 1728 ஜூனில் கம்பெனி நின்றது. அவர் இத்தாலிக்குப் போய்ப் புதுப் பாடகர்களைக் கூட்டிவந்தார். 1729 டிசம்பரில் ‘லொத்தாரியோ’வுடன் மறுபடி திரை எழுந்தது. இடையில் ஒன்றரை வருடம். அவ்வளவுதான்.

பிற்பாடு அவரை நிஜமாகவே திணறடித்தது யார் தெரியுமா? இன்னொரு இத்தாலிய ஆப்பராக் கம்பெனி! 1733இல் பிரபுக்களில் ஒரு பகுதியினர் பிரிந்துபோய்ப் போட்டிக் கம்பெனி தொடங்கினார்கள். இசையமைக்க நேப்பிள்ஸ்காரர் போர்ப்போரா. ஹேண்டலின் செனசினோவும் அங்கே போய்விட்டார். 1734இல் ஃபாரினெல்லியே வந்து இறங்கினார். ஐரோப்பாவே கொண்டாடிய குரல். ஹேண்டல் ஹேமார்க்கெட் அரங்கை இழந்தார். எங்கே போனார்? கோவன்ட் கார்டன் அரங்குக்கு. அதைக் கட்டி 1732 டிசம்பரில் திறந்தவர் ஜான் ரிச். பெக்கர்ஸ் ஆப்பராவை மேடையேற்றிய அதே ஜான் ரிச்! ‘அரியோதாந்தே’, ‘அல்சினா’ இரண்டும் 1735இல் அரங்கேறியது அவர் மேடையில்தான். ஹேண்டலைத் தோற்கடித்ததாகச் சொல்லப்படும் ஆளின் வீட்டில்தான் ஹேண்டலின் மிகச் சிறந்த ஆப்பராக்களில் இரண்டு பிறந்தன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜான் கேயும் எதிரி இல்லை. லண்டன் தெருக்களைப் பற்றி 1716இல் அவர் எழுதிய ‘ட்ரிவியா’ என்ற கவிதையிலேயே ஹேண்டலின் இசையைப் புகழ்கிறார். ஹேண்டலின் ‘ஏசிஸ் அண்ட் கலாட்டியா’வுக்குப் பெரும்பகுதி வரிகள் அவருடையவை. பெக்கர்ஸ் ஆப்பராவுக்கு முன்னிசை எழுதிய பெப்புஷ் பெர்லினில் பிறந்த ஜெர்மானியர். ஹேண்டல் இசையமைத்துக் கொடுத்த அதே சாண்டோஸ் பிரபுவிடம் வேலை பார்த்தவர். எல்லாரும் ஒரே தெருவில் நடமாடிய ஆட்கள்.


மாடவீதி எழுதியது:

பழையபேப்பர் சார், நன்றி. நான் பதினைந்து வருடமாக ஆலயப் பாடகர் குழுவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘மெசையா’ பாடுகிறவள். ஹேண்டல் என்றால் எனக்கு அதுதான். அவருக்கு முன்கதையாக இவ்வளவு ஆப்பராக்கள் இருப்பதே தாமதமாகத்தான் தெரிந்தது.

ஒரு சந்தேகம். பெக்கர்ஸ் ஆப்பராவில் ஹேண்டலின் மெட்டு ஒன்றும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அவர் கோபப்படவில்லையா?


பழையபேப்பர் எழுதியது:

இருக்கிறது அம்மா. ‘ரினால்டோ’வில் வரும் அணிவகுப்பு இசை. 1711 பிப்ரவரியில் ஹேண்டல் லண்டனுக்கென்றே எழுதிய முதல் ஆப்பரா அது. அந்தப் பருவத்தில் 15 முறை நடந்தது. தோட்டக் காட்சிக்கு உயிருள்ள குருவிகளைப் பறக்கவிட்டார்கள், அடிசன் தன் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதில் சிலுவைப் போர்வீரர்கள் ஜெருசலேமை மீட்கக் கம்பீரமாக நடக்கும் இசையை எடுத்து, மக்ஹீத்தின் கூட்டாளிகளுக்குக் கொடுத்தார் ஜான் கே. துப்பாக்கியில் குண்டு போட்டுக்கொண்டு, வண்டிச் சத்தம் கேட்கிறது, வழிப்பறிக்குக் கிளம்புவோம் என்று அவர்கள் பாடுகிறார்கள். இதில் ஹேண்டலின் இசைக்கு இழுக்கு எதுவும் இல்லை. அந்த மெட்டு பதினேழு வருடம் கழித்தும் ஊருக்கே தெரிந்திருந்ததால்தான் அது வேலை செய்தது. தெரியாத மெட்டை வைத்து யாரையும் சிரிக்க வைக்க முடியாது.


கீழ்வானம் எழுதியது:

இந்த மெட்டு விஷயத்தில்தான் நாடகத்தின் உயிரே இருக்கிறது என்று நினைக்கிறேன். அன்றைய லண்டனில் ஒற்றைத் தாளில் பாட்டு அச்சடித்துத் தெருவில் பாடி விற்பார்கள். சுரக் குறிப்பு பெரும்பாலும் இருக்காது. தலைப்புக்குக் கீழே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று ஒரு வரி. நம் பழைய குஜிலிப் பாட்டுப் புத்தகங்களிலும் அப்படித்தானே போடுவார்கள். அதனால் ஒரு மெட்டைக் கேட்டதும் அதன் பழைய வார்த்தைகள் தானாக மனசுக்குள் ஓடும். ஜான் கே இரண்டு பாட்டுகளையும் ஒரே நேரத்தில் கேட்க வைக்கிறார். வாயில் ஒன்று, நினைவில் ஒன்று.

முதல் நாள் இரவு நடந்ததைப் பாருங்கள். டிரூரி லேன் அரங்கின் நிர்வாகி கோலி சிபர் ஏற்கெனவே இந்த நாடகத்தை வேண்டாமென்று தள்ளியிருந்தார். ரிச் எடுத்துக்கொண்டார், ஆனால் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அரங்கம் வெகுநேரம் இறுக்கமாக இருந்தது. அப்புறம் பாலி தன் பெற்றோரிடம் மக்ஹீத்தின் உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சும் பாட்டு வந்தது. வாசித்துப் பார்த்தால் சாதாரண நான்கு வரி. ஆனால் அந்த மெட்டு, சித்தப்பனின் பேராசைக்குப் பலியாகிக் காட்டில் கைவிடப்பட்டுச் செத்துப்போகும் இரண்டு குழந்தைகளின் கதைப்பாட்டு. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் சின்ன வயதில் அதைக் கேட்டு அழுதவர்கள். பணத்துக்காக மருமகனையே கொல்லத் துணியும் பெற்றோர் முன்னால் ஒரு பெண் அதே மெட்டில் கெஞ்சுகிறாள். அரங்கம் அங்கேதான் உருகியது. பாலியாக நடித்த லவீனியா ஃபென்டனுக்கு வயது இருபதுக்குள். அந்தப் பருவம் முடிவதற்குள் அவர் படங்கள் கடைக்குக் கடை விற்றன.

இன்னொன்று, தூக்குக்கு முந்தைய நேரம். மக்ஹீத் கோப்பை கோப்பையாகக் குடித்துக்கொண்டே மெட்டுக்கு மெட்டு தாவுகிறான். ஒன்றும் முடிவதில்லை, பாதியில் அறுந்து அடுத்தது வருகிறது. கடைசியில் ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’. சட்டம் எல்லாருக்கும் பொது என்றால், டைபர்ன் தூக்குமரத்தில் இன்னும் நல்ல இடத்து மனிதர்கள் தொங்காதது ஏன் என்று அந்த மென்மையான மெட்டில் கேட்கிறான். இத்தாலிய ஆப்பராவில் தனிச் சிறையில் கிடக்கும் வீரனுக்கு ஒரு நீண்ட ஏரியா, அதாவது தனிப்பாட்டு, கிடைக்கும். முதல் பகுதியைத் திரும்பவும் அலங்காரத்தோடு பாடுவான். இவனுக்குக் கிடைப்பது துண்டு துண்டான தெருப்பாட்டுகள். கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.


சுருதிபேதம் எழுதியது:

கீழ்வானம், அந்தக் குழந்தைகள் கதைப்பாட்டு பற்றித் தெரியாமலே கேட்டிருக்கிறேன். இன்றைக்கு மறுபடி கேட்க வேண்டும். நாம் கேட்கும் பதிவில் பாதிப் பாட்டு காணாமல் போயிருக்கிறது என்றே சொல்லலாம், அந்தப் பழைய வார்த்தைகள் நமக்குத் தெரியாததால்.


நாடகக்கொட்டகை எழுதியது:

சரி, ஆப்பராவைக் கொன்றது என்பதை நான் வாபஸ் வாங்குகிறேன். பழையபேப்பர் தேதிகளோடு பேசும்போது மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இசைப் போட்டியாக மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் தெரியும். இந்த நாடகத்தின் பெரிய இலக்கு ஹேண்டல் இல்லை, பிரதமர் ராபர்ட் வால்போல்.

பீச்சம் கற்பனை ஆள் இல்லை. ஜொனதன் வைல்ட் என்று ஒருவன் இருந்தான். திருடர்களைப் பிடிப்பவன் என்று ஊரில் பெயர், உள்ளே திருட்டுக் கும்பலின் தலைவன். 1725 மே மாதம் டைபர்னில் தூக்கிலிட்டார்கள். எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அவனையும் வால்போலையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டே இருந்தன. நாடகத்தில் பீச்சம் தன் திருடர்களின் பேரேட்டைப் படிக்கும்போது ராபின் என்ற ஒருவனுக்கு நாலைந்து பட்டப்பெயர் சொல்வான். அதில் பாப் பூட்டி என்பது, கொள்ளைக்கார பாப் என்ற பொருளில், வால்போலுக்கு ஒட்டிக்கொண்டது.

அதன் விளைவைப் பாருங்கள். ஜான் கே தொடர்ச்சியாக ‘பாலி’ என்று அடுத்த நாடகம் எழுதினார். 1728 டிசம்பரில் ஒத்திகை தொடங்கும் சமயத்தில், நாடகங்களை மேற்பார்வை செய்த அரண்மனை அதிகாரியான லார்டு சேம்பர்லேன் அதற்குத் தடை போட்டார். ஜான் கே அதைப் புத்தகமாக அச்சிட்டார். குவீன்ஸ்பெரி சீமாட்டி அரசரின் மாளிகைக்குள்ளேயே அதற்குச் சந்தா சேர்த்தார். அரசர் அவரை அரண்மனைப் பக்கமே வரக்கூடாது என்று விலக்கினார். மேடைக்குத் தடையானாலும் புத்தகத்தில் ஜான் கேவுக்கு நல்ல பணம் வந்தது. ஆனால் ‘பாலி’ மேடையேறியது 1777இல். அதற்குள் அவர் இறந்து 45 வருடம்.

1737இல் வால்போல் அரசு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் பெற்ற அரங்குகளில்தான் நாடகம். ஒவ்வொரு பிரதியும் முன்கூட்டியே லார்டு சேம்பர்லேன் கண்ணில் பட்டாக வேண்டும். பெக்கர்ஸ் ஆப்பரா பாணியில் பாட்டு நாடகங்களாக எழுதிக் குவித்த ஹென்றி ஃபீல்டிங் அத்தோடு மேடையை விட்டு நாவல் பக்கம் போனார். இந்த மேடைத் தணிக்கை 1968 வரை நீடித்தது. இருநூற்று முப்பது வருடம்! இத்தாலிய ஆப்பராவை யாரும் கொல்லவில்லை சரி, பாட்டு நாடகத்தை அரசு கழுத்தை நெரித்தது. இதில் நான் பின்வாங்க மாட்டேன்.


பழையபேப்பர் எழுதியது:

அதில் எனக்கும் பெரிய மறுப்பில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1728க்குப் பிறகு எல்லா அரங்குகளும் இதே பாணியில் எழுதித் தள்ளின. அதே மெட்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. பலவற்றில் மெட்டுக்கும் காட்சிக்கும் கீழ்வானம் சொன்ன அந்த உறவே இல்லை. ஏதோ ஒரு பாட்டு, ஏதோ ஓர் இடம். சட்டம் வராவிட்டாலும் அது களைத்துத்தான் போயிருக்கும்.

ஆனால் களைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சார்ல்ஸ் காஃபி எழுதிய ‘தி டெவில் டு பே’, 1731. கொடுமைக்காரச் சீமாட்டியும் செருப்புத் தைப்பவனின் மனைவியும் மந்திரத்தால் இடம் மாறிவிடும் கதை. கிட்டி கிளைவ் என்ற நடிகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. லண்டனில் இருந்த பிரஷ்யத் தூதர் ஃபான் போர்க்கே இதை ஜெர்மனில் மொழிபெயர்க்க, 1743இல் பெர்லினில் நடித்தார்கள். 1752இல் லைப்சிக்கில் ஷ்டாண்ட்ஃபூஸின் புது இசையோடு வந்தபோது நன்றாகப் பிடித்துக்கொண்டது. பேச்சும் பாட்டும் கலந்த ஜெர்மன் ஜிங்ஷ்பீல் வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வழியில் போனால் மோட்சார்ட்டின் ‘மேஜிக் ஃப்ளூட்’ வரும், 1791. தெருவில் விற்ற ஒற்றைத் தாள் பாட்டிலிருந்து அங்கே வரைக்கும் ஒரு நூல் ஓடுகிறது.


கீழ்வானம் எழுதியது:

ஜெர்மனி என்றதும் 1928ஐச் சொல்லாமல் விட முடியாது. 1920இல் லண்டன் ஹேமர்ஸ்மித் லிரிக் அரங்கில் நைஜல் பிளேஃபேர் பெக்கர்ஸ் ஆப்பராவைத் திரும்ப எடுத்தார். 1463 முறை நடந்தது. அந்தச் செய்தி பெர்லினுக்குப் போய், எலிசபெத் ஹாப்ட்மன் அதை மொழிபெயர்த்து நாடகாசிரியர் பிரெக்ட்டிடம் கொடுக்க, குர்ட் வைலின் இசையில் ‘மூன்று காசு ஆப்பரா’ பிறந்தது. முதல் நாடகத்துக்குச் சரியாக இருநூறு வருடம் கழித்து, ஆகஸ்ட் 31. வைல் பழைய மெட்டுகளை விட்டுவிட்டுத் தன் இசையையே எழுதினார். பீச்சமின் காலைப் பாட்டுக்கு மட்டும் 1728இன் மெட்டையே வைத்துக்கொண்டார். நான் முதலில் வைலைத்தான் கேட்டேன். பிறகு பழையதைப் போட்டபோது பீச்சமின் முதல் பாட்டிலேயே அந்த மெட்டு வந்து நின்றது. தெரிந்த முகத்தைப் புது ஊரில் பார்த்த மாதிரி இருந்தது.


மாடவீதி எழுதியது:

இதையெல்லாம் படித்துவிட்டு இரண்டு நாளாகப் பாடகர்களைப் பற்றித் தேடினேன். நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று கிடைத்தது, சொல்லலாமா?

ஜான் பியர்ட் என்ற டெனர், அதாவது உச்ச ஆண் குரல் பாடகர். 1735இல் ‘அல்சினா’வில் ஹேண்டலுக்காகப் பாடியவர். ‘சாம்சன்’, ‘ஜூடஸ் மக்கபீயஸ்’ இரண்டிலும் தலைப்புப் பாத்திரம் அவருக்குத்தான். அதே பியர்ட்தான் அந்தத் தலைமுறையின் பேர்பெற்ற மக்ஹீத்! ஜான் ரிச்சின் மகளையே கல்யாணமும் செய்துகொண்டிருக்கிறார்.


பழையபேப்பர் எழுதியது:

அருமை அம்மா. பியர்ட் நினைவுக்கு வந்திருக்க வேண்டும் எனக்கு. அப்படியே சுசானா சிபரையும் தேடிப் பாருங்கள். 1736இல் டிரூரி லேனில் பாலி வேடம் யாருக்கு என்று அவருக்கும் கிட்டி கிளைவுக்கும் இடையே பெரிய தகராறு வந்து, பத்திரிகைகள் கட்சி கட்டி எழுதின. இத்தாலியப் பாடகிகளின் சண்டையைக் கேலி செய்த நாடகத்துக்கே அதே சண்டை வந்துவிட்டது. அந்தத் தடவை கிளைவ்தான் பாலியாக நின்றார். சிபர் அந்த வேடத்தைப் பின்னால் நடித்தார்.


மாடவீதி எழுதியது:

தேடினேன். அந்த சுசானா சிபர்தான் 1742 ஏப்ரல் 13, டப்ளினில் ‘மெசையா’ முதல்முறை அரங்கேறியபோது ஆல்டோ, அதாவது தாழ்ந்த பெண் குரல் பகுதி, பாடியவர். ‘அவர் அசட்டை பண்ணப்பட்டவரும்’ என்ற ஏசாயா வசனத்தின் பாட்டு அவருடையது. குடும்ப விவகாரம் நீதிமன்றம் வரை போய் ஊரே அவரைத் தூற்றியிருந்த நேரம். அவர் பாடியதைக் கேட்டு ஒரு போதகர் எழுந்து, பெண்ணே, இதற்காக உன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படட்டும் என்றாராம்.

எங்கள் குழுவில் நானும் ஆல்டோதான். அந்தப் பாட்டைத்தான் வருடா வருடம் பாடுகிறேன். ‘அசட்டை பண்ணப்பட்டவர்’ என்ற இடத்தில் இசை நின்று நின்று வரும், குரல் தனியாக விடப்படும். இந்த வருட ஒத்திகைக்கு முன் பாலியின் அந்த நான்கு வரிக் கெஞ்சலையும் கற்றுக்கொள்ளப் போகிறேன். சுருதிபேதம், நீங்கள் கேட்ட பதிவு எது என்று சொல்லுங்கள்.